பச்சை மைக் கையெழுத்து

13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிக்கொண்ட அதிர்வு 2017 ஆகஸ்ட் 17 அன்று பூமியைத் தொட்டது. அமெரிக்காவின் லைகோ ஈர்ப்பலைக் கருவிகள் அதைப் பதிவுசெய்தன; 1.7 விநாடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு காமாக் கதிர் வெடிப்பைக் கண்டது. அடுத்து, ஏறத்தாழ 70 வான் ஆய்வகங்கள் அதே திசைக்குத் திரும்பின. அக்டோபர் 16-இல் வெளியான கூட்டுக் கட்டுரையின் ஆசிரியர்கள் 3,500 பேருக்கும் மேல்.

அப்போது லைகோவின் உடனடி அறிவிப்புகள் பொதுமக்களுக்குக் கிடையாது. ஒப்பந்தம் செய்துகொண்ட வானியல் குழுக்களுக்கு மட்டுமே அவை போகும். அந்தக் குழுக்களில் இருந்தவர்களோ லைகோவின் ஊழியர்கள் அல்லர். உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களின் ஆட்கள். அவர்களை லைகோவின் இணையப் பணித்தளத்துக்குள் விடவும் வேண்டும், கதவைத் திறந்துபோடவும் கூடாது. என்ன செய்வது?

வழக்கமான வழி, ஆளுக்கொரு புதுக் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுப்பது. பத்து இடத்தில் பத்துக் கடவுச்சொல் வைத்திருப்பவர் கடைசியில் ஒன்றையே எல்லா இடத்திலும் போடுவார். அவர் வேலையை விட்டுப் போனாலும் அந்தக் கணக்கு யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். இந்த இரண்டாவது ஆபத்தைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டும்.

லைகோவின் வெளிக் கூட்டாளிகளுக்கு வேறு வழி அமைந்தது. நம் ஊரில் சான்றிதழ் நகலில் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி பச்சை மையில் கையெழுத்திட்டால், விண்ணப்பத்தை வாங்குபவர் நம்மை முன்பின் அறிந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்தை நம்பினால் போதும். ‘ஒற்றை உள்நுழைவு’ எனப்படும் அந்த வழியும் அப்படித்தான். புனேயில் இருக்கும் ஓர் ஆய்வாளர் பணித்தளத்தைத் திறந்தால், அது கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. ‘உங்கள் நிறுவனம் எது?’ என்று கேட்டு, அவரை அந்த நிறுவனத்தின் பக்கத்துக்கே அனுப்பிவிடுகிறது. கடவுச்சொல்லை அவர் அங்கேதான் இடுகிறார். ‘இவர் எங்கள் ஆள்’ என்று மின் கையொப்பமிட்ட சீட்டுடன் திரும்பி வருகிறார். நிறுவனத்தின் ரகசியச் சாவியால் இட்ட கையொப்பத்தை, முன்பே பரிமாறிக்கொண்ட பொதுச் சாவியால் பணித்தளம் சரிபார்க்கிறது. சீட்டின் ஆயுள் சில நிமிடங்கள்தான்.

இந்தச் சீட்டை எழுதப் பல்கலைக்கழகங்கள் பெரிதும் பயன்படுத்தும் மொழி ‘சாமல்’. அதன் இரண்டாம் பதிப்பு 2005-இல் வந்தது. யார் கையொப்பத்தை யார் நம்புவது என்பதை நாடுவாரியான கூட்டமைப்புகள் பார்த்துக்கொள்கின்றன. இந்தியாவில் அந்தப் பொறுப்பு காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையத்துடையது. இத்தகைய 70-க்கும் மேற்பட்ட கூட்டமைப்புகளை ‘எடுகெயின்’ இணைக்கிறது.

ஆள் யார் என்று சொல்வது அவருடைய நிறுவனத்தின் வேலை. அவர் எந்த அறைக்குள் போகலாம் என்று தீர்மானிப்பது வீட்டுக்காரரின், அதாவது பணித்தளத்தை நடத்துபவரின் வேலை. பல இடங்களில் கோட்டைவிடுவது இந்த இரண்டாவதில்தான். ஆய்வாளர் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனால், அங்கே கணக்கை மூடியதும் வெளிக்கதவுகளிலும் புதுச் சீட்டுக் கிடைக்காது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் வேறு திட்டத்துக்கு மாறிவிட்டால்? சீட்டு தொடர்ந்து வரும். பெயரை நீக்குவது வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

அறைகளைப் பிரித்து வைக்காததன் விலையை 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் கொடுத்தன. குளிர்பதன வேலைகளைச் செய்த ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கடவுச்சொல்லைத் திருடியவர்கள் அதன் வழியே வலைப்பின்னலில் நுழைந்து, பணம் வசூலிக்கும் கருவிகள்வரை போனார்கள். ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் பறிபோயின. ஒற்றை உள்நுழைவு மட்டும் இதைத் தடுத்திருக்காது. ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லே திருட்டுப்போனால் சீட்டும் திருடனுக்கே கிடைக்கும். அதனால்தான் கைப்பேசிக் குறியீடு போன்ற இரண்டாம் சோதனை நடந்ததா என்பதையும் சீட்டிலேயே எழுதித் தரும்படி பணித்தளங்கள் கேட்கின்றன.

கையெழுத்தையே ஒருவன் போலியாக இட்டால்? 2023-இல் அதுவும் நடந்தது. சீனாவைச் சேர்ந்ததாக மைக்ரோசாஃப்ட் குறிப்பிடும் ஒரு குழு, அந்நிறுவனத்தின் கையொப்பச் சாவி ஒன்றைக் கைப்பற்றித் தானே சீட்டு அச்சடித்தது. ஏறத்தாழ 25 அமைப்புகளின் மின்னஞ்சல்கள் திறந்துகொண்டன. அமெரிக்க வெளியுறவுத் துறையும் அவற்றில் ஒன்று. சீட்டைச் சோதித்த இயந்திரத்துக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஜூன் மாதத்தில் வெளியுறவுத் துறையின் பாதுகாப்புப் பிரிவினர்தான் கண்டுபிடித்தார்கள். யார் எப்போது எந்த அஞ்சலைத் திறந்தார்கள் என்ற பதிவேட்டை அவர்கள் கவனித்துவந்தார்கள்; வழக்கத்துக்கு மாறான வருகை அதில் தெரிந்தது. அந்தப் பதிவேடு அதுவரை கூடுதல் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி. சம்பவத்துக்குப் பிறகு அதை மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கட்டணமின்றித் தர மைக்ரோசாஃப்ட் முன்வந்தது.