கூகுள்ல கிடைச்ச போட்டோ 'ஃப்ரீ' இல்லீங்க: அப்பாவோட தொழில் வெப்சைட்டுக்குப் படம் எங்கிருந்து எடுக்கலாம்?



மாசச் சம்பளம் வாங்குற நம்மள்ல பல பேர் வீட்ல ஒரு தொழில் இருக்கும். அப்பா கார்பென்டர், மாமா ஏசி மெக்கானிக், அண்ணன் டைல்ஸ் கான்ட்ராக்டர்னு யாராவது இருப்பாங்க. "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறியே, நம்ம தொழிலுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுப்பா"ன்னு ஒரு நாள் கேட்பாங்க. நீங்களும் ஒரு ஞாயித்துக்கிழமை உட்காருவீங்க. டொமைன் வாங்கியாச்சு, டெம்ப்ளேட் போட்டாச்சு, போன் நம்பரும் போட்டாச்சு. கடைசியா படம் வேணும். கூகுள்ல "மாடுலர் கிச்சன்"னு தேடி, பளபளன்னு இருக்கிற ஆறு படத்தை ரைட் கிளிக் பண்ணி சேவ் பண்ணிடுவீங்க.

அந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் மொத்த வெப்சைட்டோட பெரிய ரிஸ்க்கே இருக்கு. வெப்சைட் அப்பா பேர்ல, வருமானம் அப்பாவுக்கு. அதனால படத்தைப் பத்தி யாராவது கேள்வி கேட்டா, அந்த லெட்டரும் அப்பாவுக்குத்தான் வரும்.

படம் யாருக்குச் சொந்தம்?

நம்ம நாட்டு காப்பிரைட் சட்டம், 1957 படி, போட்டோவும் ஒரு கலைப் படைப்பு. எடுத்த நொடியிலேயே அதுக்கு உரிமை வந்துடும். பதிவு பண்ணணும்னோ, மூலையில வாட்டர்மார்க் இருக்கணும்னோ அவசியம் இல்லை. எடுத்தவர் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்த பிறகு 60 வருஷமும் அந்த உரிமை இருக்கும். கூகுள் அந்தப் படம் எங்க இருக்குன்னு காட்டுதே தவிர, எடுத்துக்கோன்னு அனுமதி குடுக்கலை.

"நான் சின்ன ஆளு, எனக்கு யாரு நோட்டீஸ் அனுப்பப் போறா?"ன்னு நினைக்காதீங்க. ஒரு படம் எந்தெந்த வெப்சைட்ல இருக்குன்னு கண்டுபிடிக்க டின்ஐ, கூகுள் லென்ஸ் மாதிரி இலவச டூல்களே போதும். போட்டோ ஏஜென்சிகளுக்கு இது இன்னும் சுலபம்.

சட்டத்துல என்ன இருக்கு? உரிமையாளர் தடை உத்தரவும் நஷ்ட ஈடும் கேட்கலாம். தெரிஞ்சே மீறினா, பிரிவு 63 படி 6 மாசம் முதல் 3 வருஷம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடம் இருக்கு. வியாபார லாபத்துக்காக இல்லைன்னா கோர்ட் இதைக் குறைக்கலாம். ஆனா தொழில் வெப்சைட்டுக்கு அந்த வாதம் நிக்கிறது கஷ்டம். உடனே ஜெயில்னு பயப்பட வேண்டாம். சின்ன விஷயங்கள் பெரும்பாலும் பணம் கேட்டு வர்ற ஒரு இமெயில்லதான் ஆரம்பிக்கும். ஆனா ஒரு கிச்சன் வேலையில அப்பாவுக்கு நிக்கிற லாபத்தை ஒரு படத்துக்குக் கட்ட வேண்டிய நிலைமை எதுக்கு?

முதல் சாய்ஸ்: அப்பா செஞ்ச வேலை

சட்டத்தை ஒதுக்கி வெச்சுட்டு வியாபாரமா யோசிங்க. இத்தாலி கிச்சன் படத்தைப் பாத்து போன் பண்றவர், "இதே மாதிரி செஞ்சு குடுங்க"ன்னு கேட்பார். அப்பா என்ன சொல்லுவார்? அடுத்தவர் வேலையை 'எங்கள் பணிகள்'னு போட்டா அது தவறான விளம்பரம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கீழேயும் கேள்வி வரும். ஏஐ வரைஞ்ச கிச்சனை அந்தத் தலைப்புல போட்டாலும் இதே கதைதான்.

அதனால போனை எடுத்துட்டு அப்பாகூட சைட்டுக்குப் போங்க. 15 நல்ல படம் போதும்.

- லென்ஸைத் துடைச்சுட்டு, பகல் வெளிச்சத்துல, போனைப் படுக்கைவாட்டுல பிடிச்சு எடுங்க.
- வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே இடத்துல நின்னு எடுங்க. பழைய வார்ட்ரோப், புது வார்ட்ரோப் பக்கத்துல பக்கத்துல இருந்தா அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.
- ஷட்டர் மூடுற இடைவெளி, கீல், லேமினேட் ஓரம் இதையெல்லாம் கிட்டத்துல எடுங்க. வேலை தெரிஞ்ச கஸ்டமர் அதைத்தான் பாப்பார்.
- வீட்டுக்காரர்கிட்ட வாட்ஸ்அப்ல ஒரு வரி சம்மதம் வாங்குங்க: "சார், உங்க வீட்டு கிச்சன் போட்டோவை எங்க வெப்சைட்ல போடலாமா?" 'சரி'ன்னு வர்ற பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.
- பெயர்ப் பலகை, கதவு எண், குழந்தைகள், சாமி அறை, பீரோ இதெல்லாம் படத்துல வேண்டாம். போன் படத்துக்குள்ள லொகேஷன் விவரமும் ஒளிஞ்சிருக்கும். ஏத்துறதுக்கு முன்னாடி அதை நீக்கிடுங்க.

போட்டோகிராஃபரை வெச்சு எடுத்தா ஒரு விஷயம். நீங்க கேட்டு, நீங்க காசு குடுத்து எடுத்த போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் நீங்களே முதல் உரிமையாளர். பிரிவு 17 இதைச் சொல்லுது. 'வேற ஒப்பந்தம்' அவரோட கொட்டேஷன் அடியில பொடி எழுத்துல இருக்கலாம், படிச்சுப் பாருங்க. ஏற்கனவே எடுத்து வெச்ச படத்தோட உரிமையை அவர்கிட்ட வாங்குறீங்கன்னா எழுத்துல வாங்குங்க. எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா, சட்டம் அதை 5 வருஷம்னு எடுத்துக்கும்.

ரெண்டாவது சாய்ஸ்: லைசென்ஸோட வர்ற இலவசப் படம்

பேனர், பின்னணி, மரப்பலகை, டூல்ஸ் மாதிரி பொதுப் படங்களுக்கு அன்ஸ்ப்ளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே இருக்கு. இந்த மூணோட இலவசப் படங்களையும் தொழிலுக்குப் பயன்படுத்தலாம், பேர் போடுறதும் கட்டாயம் இல்லை. ஆனா தேடும்போது காசு கட்டி வாங்குற படங்களும் இடையில விளம்பரமா வரும், கவனம். படத்துல முகம் தெரியுறவரை உங்க கஸ்டமர் மாதிரியோ, உங்களைப் பரிந்துரைக்கிற மாதிரியோ காட்டக் கூடாது.

விக்கிமீடியா காமன்ஸ், ஓப்பன்வெர்ஸ் தளங்கள்லயும், கூகுள் இமேஜ்ல 'யூஸேஜ் ரைட்ஸ்' ஃபில்டர் போட்டாலும், கிரியேட்டிவ் காமன்ஸ் படங்கள் கிடைக்கும். அங்க இந்த எழுத்துகளைப் பாருங்க:

- சிசி ஜீரோ: எந்த நிபந்தனையும் இல்லை.
- பி.ஒய்.: எடுத்தவர் பேர், லைசென்ஸ் பேர், லிங்க் போடணும். படத்தை மாத்தினா அதையும் சொல்லணும்.
- எஸ்.ஏ.: படத்தை மாத்தி வெளியிட்டா, அதையும் அதே லைசென்ஸ்லதான் வெளியிடணும்.
- என்.டி.: மாத்தின படத்தை வெளியிடக் கூடாது.
- என்.சி.: வியாபாரப் பயன்பாட்டுக்குக் கிடையாது. அப்பா வெப்சைட்டுக்கு இது வேண்டாம்.

ஃபில்டரை மட்டும் நம்பாதீங்க. படம் இருக்கிற ஒரிஜினல் பக்கத்துக்குப் போய் லைசென்ஸைப் படிங்க.

காசு குடுத்து வாங்குறீங்கன்னா, நாலு படத்துக்காக மாசச் சந்தாவுல மாட்டாதீங்க. ஒரு படமா வாங்க வழி இருக்கான்னு பாருங்க. ஃப்ரீ ட்ரயல் எடுத்தா, அது தானா ரினியூ ஆகுற தேதியைக் காலண்டர்ல போட்டு வைங்க. 'எடிட்டோரியல் யூஸ் ஒன்லி'ன்னு போட்டிருந்தா தொழிலுக்கு ஆகாது.

கம்பெனிப் படங்களும் அப்படித்தான். மாமா அந்த பிராண்ட் ஏசியை ரிப்பேர் பண்றார்ங்கறதுக்காக கம்பெனியோட கேட்டலாக் படத்தை எடுக்க முடியாது. டீலர் மூலமா இமெயில்ல அனுமதி கேளுங்க. லோகோவைப் பெருசா போட்டா அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்னு நினைக்க வைக்கும். டிரேட்மார்க் பிரச்சினை தனியா வரும்.

ஒரு எக்ஸெல் ஷீட் போடுங்க

ஆடிட்ல நாங்க முதல்ல கேட்கிறது வவுச்சர். படத்துக்கும் அதே பழக்கம் வேணும். படத்தோட பேர், எடுத்த தளத்தின் லிங்க், டவுன்லோட் தேதி, லைசென்ஸ், அந்தப் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட், பில். இவ்வளவுதான். நாளைக்கு அந்தத் தளமே விதிகளை மாத்தினாலும், நீங்க எடுத்த அன்னைக்கு என்ன இருந்ததுன்னு காட்ட ஆதாரம் இருக்கும். வெப்சைட்டை டிசைனர்கிட்ட குடுத்திருந்தா, கடைசித் தவணை குடுக்கிறதுக்கு முன்னாடி இந்த ஷீட்டைக் கேளுங்க.

வரியில கழிக்கலாமா?

அப்பா முறையா கணக்குப் புத்தகம் வெச்சு லாபம் காட்டினா, படச் செலவு வணிகச் செலவுதான், பில் வேணும். பிரிசம்ப்டிவ் முறையில 8% அல்லது டிஜிட்டல் வரவுக்கு 6%னு லாபம் காட்டினா, செலவெல்லாம் அதுலயே அடங்கிடுச்சு, தனியா கழிக்க முடியாது. உங்க கார்டுல கட்டினீங்கன்னா, உங்க சம்பளத்துல இருந்தும் கழிக்க முடியாது.

ஏற்கனவே நோட்டீஸ் வந்திருந்தா?

குப்பையில போடாதீங்க, பயந்து உடனே பணமும் கட்டாதீங்க. இமெயில்ல இருக்கிற லிங்க்கைக் கிளிக் பண்ணாம, அனுப்பினது யாருன்னு முதல்ல சரிபாருங்க. உங்க பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு, படத்தை நீக்குங்க. நீக்கினதால பழைய பயன்பாடு அழிஞ்சிடாது, ஆனா மீறல் தொடராது. உரிமைக்கான ஆதாரம், உரிமையாளர் சார்பா பேச அனுமதிக் கடிதம், அந்தப் படத்தோட வழக்கமான லைசென்ஸ் கட்டணம் மூணையும் எழுத்துல கேளுங்க. கேட்கிற தொகை பெருசுன்னா, பதில் எழுதுறதுக்கு முன்னாடியே ஒரு வக்கீலைப் பாத்துடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டுத் தொழில் வெப்சைட்ல இருக்கிற ஒவ்வொரு படத்தையும் பாருங்க. எங்க இருந்து வந்ததுன்னு சொல்ல முடியாத படத்தை எடுத்துட்டு, அந்த இடத்துல அப்பா கடைசியா முடிச்ச வேலையைப் போடுங்க. ஷீட்டை எப்படிப் போடணும்னு நம்ம சேனல் வீடியோவுல ஸ்கிரீன்ல காட்டியிருக்கேன், பாத்துட்டு சந்தேகம் இருந்தா கேளுங்க.