மூடிய பிறகும் சொட்டுவது ஏன்?

மாணவர்களே, நெகிரி செம்பிலானில் பகாவ், ரந்தாவ், லிங்கி என எந்தப் பக்கம் போனாலும் தோட்டங்கள் உண்டு. அங்கே முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி தெளிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியை விட்டதும் வால்வு மூடிக்கொள்ளும். ஆனாலும் குழாயின் நுனியிலிருந்து சில சொட்டுகள் விழும். தொட்டி ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை. வால்வைத் தாண்டிக் குழாயில் தங்கிய நீர்தான் அது.

ஆண்களின் உடலிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு நாலு அடி நடந்ததும் சில சொட்டுகள் கசிந்து உடையை நனைக்கும். வயதானவர்களிடம் இது அதிகம், இளைஞர்களுக்கும் வரலாம்.

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம்; ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். சிறுநீரை அடக்கி வைக்கும் சுருக்குத்தசை இந்தக் குழாயின் மேற்பகுதியிலேயே இருக்கிறது. அதற்குக் கீழே, விதைப்பைக்குப் பின்புறம், குழாய் சற்று அகன்று வளைகிறது. வளைந்த இடத்தில் நீர் தேங்குவது இயல்பு. அந்த வளைவைச் சுற்றியுள்ள ஒரு தசை, கடைசியில் தானாகச் சுருங்கி மிச்சத்தை வெளியே தள்ளும். அத்தசை தளர்ந்திருந்தால் சிறிதளவு நீர் அங்கேயே நின்றுவிடும். நடக்கும்போதோ உட்காரும்போதோ அது வெளியேறுகிறது. இறுக்கமான உடை குழாயை அழுத்தினாலும் நீர் தேங்கும்.

ஆக, சிறுநீர்ப்பை பழுதாகவில்லை. அடைப்புத் தசையும் தன் வேலையைச் செய்திருக்கிறது. இதை 'நரம்புத் தளர்ச்சி' என்று பயமுறுத்தி மருந்து விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். இன்னோர் ஆபத்தும் உண்டு. உடை நனையுமே என்று வெட்கப்பட்டு, வெயிலில் வேலை செய்பவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் உடலில் நீர் வற்றும். சிறுநீரகக் கல்லும் உண்டாகலாம். அப்படிக் குறைத்தாலும் கசிவு நிற்காது. குழாயின் வளைவு அப்படியேதான் இருக்கும்!

என்ன செய்யலாம்? அவசரப்படாமல் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். பிறகு விதைப்பைக்குப் பின்புறம் விரல்களால் மெல்ல அழுத்தி, முன்னோக்கி நீவினால் தேங்கிய நீர் வந்துவிடும். தசைக்குப் பயிற்சியும் உண்டு: வாயு பிரியாமல் அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தசைகளைச் சில விநாடிகள் இறுக்கித் தளர்த்த வேண்டும். தினமும் பலமுறை, பல வாரங்கள் செய்ய வேண்டும். 1997-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் இவ்விரண்டு முறைகளும் பலன் தந்தன. பயிற்சியின் பலனே கூடுதல்.

எல்லாக் கசிவும் இதே வகை அல்ல. எரிச்சல், சிறுநீரில் இரத்தம், மெலிந்து விட்டுவிட்டு வரும் ஓட்டம், இரவில் பலமுறை எழுதல், அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கிருமித்தொற்று, புரோஸ்டேட் சுரப்பி வீக்கம், நீரிழிவு போன்றவை காரணமாக இருக்கலாம்.

தாத்தாவின் கால்சட்டையில் ஈரத்தைக் கண்டால் சிரிக்காதீர்கள். தெளிப்புப் பம்பின் கதையைச் சொல்லுங்கள். தண்ணீரையும் எடுத்துக் கொடுங்கள்.