கோயில் வழக்கு ஒன்றைத் தேடிப் பார்ப்போம்

“அண்ணாமலையார் கோயிலை ஒரு காலத்தில் மத்தியத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டதாமே, அப்புறம் என்ன ஆச்சு?” திருவண்ணாமலையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். எடுத்தே விட்டார்கள் என்பார் ஒருவர். எடுக்கப் பார்த்தார்கள், ஊரே எதிர்த்ததால் விட்டுவிட்டார்கள் என்பார் இன்னொருவர். கோர்ட்டு தடுத்தது என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எது எவ்வளவு என்பதை நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து நாமே பார்த்துக்கொள்ளலாம். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதற்குச் செய்தி, சட்டம் என்று இரண்டு தேடல்கள் வேண்டும். செய்தித் தேடல் தேதியையும் பெயர்களையும் தரும். சட்டத் தேடல் என்ன உத்தரவு, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்பதைத் தரும். இவை இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து விற்கும் பெரிய தரவுத்தளங்கள் உண்டு. 1973-இல் அமெரிக்காவில் வழக்கறிஞர்களுக்காகத் தொடங்கிய லெக்சிஸ், பிறகு செய்திகளுக்கென நெக்சிஸைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் மனுபத்ரா, எஸ்.சி.சி. ஆன்லைன் ஆகியவை வழக்கறிஞர்கள் அன்றாடம் பயன்படுத்துபவை. இவற்றுக்குச் சந்தா உண்டு. சட்டக் கல்லூரி நூலகங்களிலும் வழக்கறிஞர் சங்க நூலகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் நம் கேள்விக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இணைய இணைப்புள்ள கணினி ஒன்று போதும்.

முதலில் செய்தி. நூலகத்தில் பலர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். நம் மனதில் உள்ள சொல்லைத் தட்டுகிறோம். ஆனால் நாம் தேட வேண்டியது, அன்றைக்குச் செய்தி எழுதியவர் பயன்படுத்திய சொல்லை. தொல்லியல் துறை என்று நாம் தேடுவோம்; அவர் தொல்பொருள் ஆய்வுத் துறை என்று எழுதியிருப்பார். கோயில், கோவில் என இரண்டு எழுத்து முறைகள். அருணாசலேஸ்வரர், அருணாச்சலேஸ்வரர், அண்ணாமலையார் என மூன்று பெயர்கள். ஆங்கிலத்தில் தேடினால் ஊர்ப் பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடும்: டி எழுத்துக்குப் பிறகு ஹெச் போட்டு எழுதுபவர்கள் உண்டு, போடாதவர்களும் உண்டு. வெள்ளைக்காரர் கால ஆவணங்களில் நம் ஊர் ‘திரினோமலீ’ ஆகிவிடும். 1767-இல் ஹைதர் அலியோடு இங்கே நடந்த போரைப் பற்றித் தேடுகிறவர் இந்தப் பெயரையும் போட்டுப் பார்க்காவிட்டால் பாதிதான் கிடைக்கும்.

அண்மைக்காலச் செய்தியிலும் இதே தொல்லைதான். 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் வீடு புதைந்து 7 பேர் இறந்தார்களே, அதைத் தேடுங்கள். அதற்குக் காரணமான புயலின் பெயரை ஃபெஞ்சல், பெஞ்சல், ஃபெங்கல் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். மண்சரிவு என்று சிலர், நிலச்சரிவு என்று சிலர். ஒரே நாள், ஒரே ஊர், ஒரே துயரம். ஆனாலும் ஒரு சொல்லோடு நிறுத்தினால் பல செய்திகள் கண்ணிலேயே படாது.

தமிழில் தேடும்போது வேற்றுமை உருபையும் மறக்கக் கூடாது. நமக்குக் கோயிலை, கோயிலின், கோயிலுக்கு எல்லாம் ஒரே சொல்தான். பல தேடல் பெட்டிகளுக்கு அவை மூன்று தனிச் சொற்கள். ‘தொல்லியல் துறை’ என்று இடம் விட்டு எழுதுவதும் சேர்த்து எழுதுவதும் அவற்றுக்கு வேறு வேறு. ஆகவே மேற்கோள் குறிக்குள் நீண்ட தொடரைப் போட்டு, அப்படியே வேண்டும் என்று கேட்பது தமிழில் அவ்வளவாகப் பலன் தராது. உருபில்லாத இரண்டு மூன்று சொற்களைத் தனித்தனியாகக் கொடுத்து, தேதி எல்லையைக் குறுக்குங்கள். நம் வழக்கில் அந்தத் தேதி எல்லை 2002-இலிருந்து 2004 வரை.

ஒரு எச்சரிக்கை. 2002-இல் பல தமிழ் நாளிதழ்களின் இணையப் பக்கங்கள் யூனிகோடில் இல்லை. ஒவ்வொன்றும் சொந்த எழுத்துருவில் இருந்தது. அந்தப் பக்கம் எங்காவது மிஞ்சியிருந்தாலும், இன்றைய விசைப்பலகையில் தட்டும் தமிழுக்கு அது சிக்காது. அதற்கும் முந்தைய இதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தாலும் பெரும்பாலும் அவை படங்கள்தான். சொல்லைக் கொண்டு தேட முடியாது. 1882-இல் தொடங்கிய சுதேசமித்திரனிலிருந்து நமக்கிருக்கும் இவ்வளவு பெரிய இதழியல் செல்வத்தில் பெரும்பகுதி இப்படிப் பூட்டிக்கிடப்பது எனக்கு ஆறாத வருத்தம். அதனால் அந்த ஆண்டுகளுக்கு ஆங்கில நாளிதழ்களின் இணையக் காப்பகத்தில் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அங்கே தேதியைப் பிடித்துக்கொண்டு தமிழ் இதழுக்கு வரலாம்.

தேடிப் பார்த்தால் கதையின் உருவம் இதுதான்: 2002-இல் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக்கத் தொல்லியல் துறை அறிவிக்கை வெளியிட்டது. ஊரில் கடும் எதிர்ப்பு. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2004-க்குள் அந்த முயற்சி கைவிடப்பட்டு, கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பிலேயே நின்றது.

‘எடுத்தார்களா, எடுக்கப் பார்த்தார்களா’ என்ற கேள்விக்குச் செய்தி மட்டும் விடை சொல்லாது. அதற்கு 1958-ஆம் ஆண்டின் தொன்மை நினைவுச்சின்னங்கள் சட்டத்தில் 4-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். அதன்படி அறிவிக்கை இரண்டு கட்டம். ‘அறிவிக்க உத்தேசித்துள்ளோம்’ என்று முதலில் அரசிதழில் இரண்டு மாத அவகாசத்தோடு வெளியிட வேண்டும். ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிக்கை. நாளிதழ்த் தலைப்பில் இரண்டுமே ‘அறிவித்தது’ என்றுதான் வரும். டீக்கடையில் மூன்று விதமாகப் பேச்சு வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆக, கையில் கிடைத்த அறிவிக்கை எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பதை அரசிதழின் வாசகத்தில் பாருங்கள். செய்தியை நம்பி முடிவு கட்டாதீர்கள்.

இனி தீர்ப்புகள். 2008-இல் தொடங்கிய இந்தியன் கானூன் என்ற தளம் இலவசம். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளைச் சொல்லைக் கொண்டு தேடலாம். இரண்டு சொல்லும் சேர்ந்து வர வேண்டும் என்றால் ஆங்கில ‘அண்ட்’ சொல்லைப் பெரிய எழுத்தில், கடைசி டி-யை இரட்டித்து இடையில் போட வேண்டும். ‘ஆர்’, ‘நாட்’ ஆகியவற்றுக்கும் அதே முறை: கடைசி எழுத்து இரண்டு தடவை. விசித்திரமாக இருந்தாலும் பழகிவிட்டால் ஆயிரம் முடிவுகள் இருபதாகக் குறையும். உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் என்றால், 2023 ஜனவரி 2 முதல் அதன் சொந்த மின்னணுத் தீர்ப்புத் திரட்டு இலவசமாக இருக்கிறது. தொடங்கும்போதே சுமார் 34,000 தீர்ப்புகள். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

தலைப்பில் கோயில் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். வழக்கின் தலைப்பில் இருப்பது கட்சிக்காரர் பெயர். கோயில் வழக்குகளில் எதிர்த்தரப்பு பெரும்பாலும் ‘அறநிலையத் துறை ஆணையர்’ என்றே இருக்கும். அதைத் தட்டினால் தமிழ்நாட்டுக் கோயில் வழக்குகள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். ஊர்ப் பெயரைத் தீர்ப்பின் உள்ளே தேடுங்கள். இன்னொன்று: நம் மாவட்டம் பிறந்தது 1989 செப்டம்பர் 30 அன்று. அதற்கு முந்தைய தீர்ப்புகளில் திருவண்ணாமலை மாவட்டம் என்ற ஒன்றே கிடையாது. ‘வட ஆற்காடு’ என்று தேட வேண்டும்.

வழக்கறிஞர்கள் சொல்லும் ‘சைட்டேஷன்’ தெரிந்தால் இந்தச் சுற்று எதுவும் வேண்டாம். உதாரணத்துக்கு ரமணாஸ்ரமம் அறநிலையத் துறை ஆணையரோடு நடத்திய வழக்கு: ஏ.ஐ.ஆர். 1961 மெட்ராஸ் 265. ஏ.ஐ.ஆர். என்பது தீர்ப்புத் தொகுப்பின் பெயர். 1961 அந்தத் தொகுதியின் ஆண்டு. மெட்ராஸ் நீதிமன்றத்தைக் குறிக்கும். 265 பக்க எண். இந்த வரியைத் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் இட்டாலே போதும். ரமணரின் தாயார் சமாதிமேல் எழுந்த சன்னதி, சட்டம் சொல்லும் ‘கோயில்’ என்ற வரையறைக்குள் வருமா என்ற கேள்வியை நீதிபதிகள் அலசுவதைப் படிக்கலாம். நம் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் தவறவிடக் கூடாத தீர்ப்பு அது.

தீர்ப்பு கிடைத்ததும் ஓடிவிடாதீர்கள். அது இன்றும் சட்டமா என்று பார்க்க வேண்டும். 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதை மட்டும் படித்துவிட்டு எழுந்தவர், கல்லூரியில் இடஒதுக்கீடே கூடாது போல என்று நினைத்துக்கொள்வார். ஆனால் இரண்டே மாதத்தில், ஜூன் மாதம், அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவைச் சேர்த்தது. இந்தியன் கானூனில் ஒவ்வொரு தீர்ப்பின் பக்கத்திலும், பின்னால் அதை மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியல் இருக்கும். மிக அண்மையதைத் திறந்து பாருங்கள். நாளிதழில் வரும் ‘ஐகோர்ட்டு தடை’ என்பதும் இடைக்கால உத்தரவா இறுதித் தீர்ப்பா என்பதை அங்கேதான் உறுதிசெய்துகொள்ள முடியும்.

உங்கள் சொந்த வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறதென்றால் வழி வேறு. இ-கோர்ட்ஸ் தளத்தில் 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் அடுத்த வாய்தா எப்போது என்பது வரை தெரியும். எண் இல்லையா, கட்சிக்காரர் பெயரும் ஆண்டும் போதும். கணினிக்கு முந்தைய காலத்து அசல் வழக்குகளுக்கு மட்டும் நீதிமன்றத்தில் நகல் மனு போட வேண்டும்.

பழைய தமிழ் நாளிதழின் பக்கத்தையே கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. நாட்டில் நூல்களும் நாளிதழ்களும் சட்டப்படி ஒரு படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. கிளம்பும் முன் இதழின் பெயர், தேதி, பதிப்பு ஊர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர்ப் பதிப்பில் வந்த திருவண்ணாமலைச் செய்தி சென்னைப் பதிப்பில் இல்லாமலே போயிருக்கலாம்.