இழுக்காத நேரத்தில் ஓடும் படகு

கேம்பிரிட்ஜ் வழியாகப் போகும் கேம் நதியில் பந்தயப் படகுகளை அருகருகே நிறுத்திப் போட்டி வைக்க இடமில்லை. படகு என்னவோ ஒல்லிதான். ஆனால் இரு பக்கமும் துடுப்புகள் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆறோ குறுகல், போதாததற்கு வளைவுகள் வேறு. அதனால் 1827-இல் அங்கே ஒரு வழி செய்தார்கள். படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சம இடைவெளியில் நிறுத்துவது, பீரங்கி வெடித்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவது, முன்னால் போகும் படகைத் துரத்திப்போய் இடிப்பது. இடித்த படகு மறுநாள் ஓரிடம் முன்னே நிற்கும். இடிபட்டது ஓரிடம் பின்னே போகும். ஆக்ஸ்ஃபோர்டில் இதே வகைப் பந்தயம் 1815-லேயே தொடங்கிவிட்டது. இரண்டு ஊர்களிலும் இன்றும் நடக்கிறது.

'பம்ப்ஸ்' எனப்படும் இந்தப் பந்தயத்தில் கேம்பிரிட்ஜின் கல்லூரிகள் ஆண்டுக்கு இருமுறை, குளிர்காலத்தின் முடிவிலும் ஜூன் மாதத்திலும், மோதுகின்றன. ஜூன் பந்தயத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். அவர்களில் மிகப் பலர் முந்தைய அக்டோபர் வரை துடுப்பைத் தொட்டதே இல்லை. மருத்துவம், லத்தீன், கணிதம் என்று வேறு எதையோ படிக்க வந்தவர்கள். எட்டு வாரப் பருவம் ஒன்றிரண்டு முடிவதற்குள் அவர்கள் பந்தயப் படகில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குள் அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்? கரையில் நின்று பார்ப்பவருக்கு, கைவலிமையை வளர்த்துக்கொள்கிறார்கள் என்று தோன்றும். கற்கவேண்டியதில் பெரும்பகுதி வேறு. துடுப்பு தண்ணீரைவிட்டு வெளியே இருக்கும் நேரத்தில் உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் அது. இந்த விளையாட்டில் எனக்குத் தீராத வியப்பு தருவதும் அதுவே.

எட்டுப் பேர் துடுப்பு போட, ஒருவர் திசை பார்க்க, மொத்தம் ஒன்பது பேர் ஏறும் படகுக்கு 'எய்ட்' என்று பெயர். நீளம் ஏறத்தாழ 17, 18 மீட்டர். அகலம் ஓர் ஆள் இடுப்பு கொள்ளும் அளவு. முன்பு மெல்லிய மரத்தகடுகளில் செய்தார்கள். இப்போது கார்பன் இழை. உலகப் போட்டிகளில் இந்தப் படகின் எடை 96 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது விதி. ஒன்பது பேரைச் சுமக்கும் படகின் கனம் வாட்டசாட்டமான ஒரே ஆளின் கனம்தான்! இந்த எடைக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போவது முழுக்க இதில்தான் தொங்குகிறது.

ஆலப்புழை வள்ளம்களியில் துடுப்பு கையில் சுதந்திரமாக இருக்கும். ஆட்கள் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். எய்ட்டில் இரண்டுமே தலைகீழ். துடுப்பாளர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள். ஆளுக்கு ஒரே துடுப்பு, நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றே குறைவு. படகின் பக்கவாட்டிலிருந்து வெளியே நீளும் ஓர் உலோகத் தாங்கியில் அது பூட்டப்பட்டிருக்கும். நியூகாசிலின் ஹாரி கிளாஸ்பர் 1840-களில் இந்தத் தாங்கியைப் பரவலாக்கினார். துடுப்பின் நெம்புபுள்ளி படகுக்கு வெளியே போய்விட்டதால் படகை ஒல்லியாக்க முடிந்தது. அடுத்து வந்தது தண்டவாளத்தில் உருளும் இருக்கை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தேம்ஸ் நதியில் மோதும் புகழ்பெற்ற பந்தயத்துக்கு அது 1873-இல் வந்து சேர்ந்தது. அதோடு இந்த விளையாட்டின் கனம் கையிலிருந்து காலுக்கு இறங்கிவிட்டது.

அக்டோபரில் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் கற்பது படகைத் தூக்குவது. ஒன்பதாமவரான 'காக்ஸ்' குரல் கொடுக்க, எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் தூக்கி, தோளில் வாங்கி, நடந்து, கரையோரம் குனிந்து இறக்கவேண்டும். பிறகு சொந்தச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, படகிலேயே திருகி வைத்திருக்கும் காலணிக்குள் பாதத்தை நுழைப்பது. காலணியின் குதிகாலை ஒரு சிறு கயிறு படகோடு பிணைத்திருக்கும். படகு கவிழ்ந்தால் ஆள் காலை இழுக்கும்போது காலணி கூடவே எழும்பாமல், பாதம் மட்டும் உருவிக்கொண்டு வருவதற்காக அந்த ஏற்பாடு. கிளப்புகளில் படகு இறங்கும்முன் இந்தக் கயிற்றை ஒவ்வொருவரும் சரிபார்த்தே ஆகவேண்டும்.

உட்கார்ந்ததும் தெரிவது, படகு தானாக நிற்காது என்பது. அடிப்பாகம் உருண்டை. எட்டுத் துடுப்புகளும் தண்ணீரில் தட்டையாகப் படிந்திருந்தால்தான் நிமிர்ந்திருக்கும். ஒருவர் கையை இரண்டு விரற்கடை தூக்கினாலும் மொத்தப் படகும் ஒரு பக்கம் சாயும்; சாய்ந்த பக்கத்தில் இருப்பவருக்குத் துடுப்பை வெளியே எடுக்கவே முடியாது. ஆகவே தொடக்க வாரங்களில் நான்கு பேர் துடுப்பு போடுவார்கள், மற்ற நான்கு பேர் துடுப்பைத் தண்ணீரில் படியவைத்துப் படகைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஆறு பேர். எட்டுப் பேரும் சேர்ந்து போடும் நாள் மெல்லத்தான் வரும்.

ஒரு முறை துடுப்பு போடுவதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முழங்கால் மடங்கி, இருக்கை முன்னே உருண்டு வந்து, கைகள் நீண்டிருக்கும் நிலையில் துடுப்பின் நுனி செங்குத்தாகத் தண்ணீரில் இறங்குகிறது. அதன் அகன்ற பகுதி மறையும் ஆழம் போதும். அதற்குமேல் இறக்கினால் வீண். உடனே கால்கள் உதைக்கின்றன. முதுகு அசையாது, கை மடங்காது. கால் நீளும்போது முதுகு பின்னே சாய்கிறது. கடைசியில்தான் கை மடங்கித் துடுப்புப்பிடி விலாவுக்கு வருகிறது. பிடியை லேசாகக் கீழே அழுத்தினால் நுனி தண்ணீரை விட்டு எழும்பும்; மணிக்கட்டைத் திருப்பினால் அது காற்றுக்குத் தட்டையாகும். திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும்: முதலில் கை நீளும், பின் உடல் சாயும், கடைசியில் முழங்கால் மடங்கி இருக்கை மெதுவாக உருளும். நுனியை எடுக்கச் சற்றே தாமதமானால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். படகு போகும் வேகத்தில் பிடி திரும்பி வந்து வயிற்றில் குத்தும், சில சமயம் ஆளையே தூக்கி ஆற்றில் எறிந்துவிடும்.

இனி அந்த எடைக்கணக்கு. துடுப்பு தண்ணீரில் இருந்து எட்டுப் பேரும் உதைக்கும்போதுதான் படகு மிக வேகமாகப் போகும் என்று எவரும் நினைப்போம். அளந்து பார்த்தால் அப்படியில்லை. துடுப்பு இறங்கி, உதை தொடங்கும் கணத்தை ஒட்டித்தான் படகின் வேகம் மிகக் குறைவு. மிக அதிகம் எப்போது என்றால், துடுப்பு வெளியே இருந்து, ஆட்கள் அடுத்த வீச்சுக்காக உருண்டு வரும்போது! பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால் பரிசல் எதிர்ப்பக்கம் நகரும் அல்லவா, அதே விதிதான். எட்டுப் பேரின் எடை படகின் எடையைப் போல ஆறேழு மடங்கு. அவ்வளவு கனமும் படகின் பின்முனையை நோக்கி உருளும்போது, காலணியில் மாட்டிய பாதங்கள் படகைத் தங்களுக்கு அடியில் முன்னே இழுத்துக்கொள்கின்றன. படகு தன்பாட்டில் பாய்கிறது.

இந்தப் பாய்ச்சலைக் கெடுப்பது சுலபம். அவசரமாக உருண்டு போய் தண்டவாளத்தின் முனையில் 'டக்'கென்று நின்றால், அத்தனை கனமும் காலடிப் பலகையில் மோதிப் படகுக்கு முட்டுக்கட்டை போடும். நிதானமாக, கடைசி அங்குலம் வரை அடக்கி உருண்டால் ஓட்டம் நீடிக்கும். தண்ணீரின் தடையும் இதையே கேட்கிறது. வேகம் கூடினால் தடை அதன் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். தேவைப்படும் திறன் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். பத்து சதவீதம் வேகமாகப் போக மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். திடீரென விரைந்து திடீரென மந்தமாகும் படகு, அதே சராசரி வேகத்தில் சீராகப் போகும் படகைவிட அதிக உழைப்பைத் தின்னும். எட்டுப் பேர் சேர்ந்தால் எட்டு மடங்கு வேகம் வராததற்கும் காரணம் இந்தத் தடைதான். உலகின் தலைசிறந்தவர்களில் தனியாள் படகு 2000 மீட்டரைக் கடக்கச் சுமார் ஆறரை நிமிடம் ஆகிறது. எய்ட்டுக்கு ஐந்து நிமிடம் இருபது விநாடி. எட்டு மடங்கு ஆள்பலம் தருவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம் மட்டுமே. ஆளைவிட ஆட்களின் ஒத்திசைவுக்கு இவ்வளவு பெறுமதி இருப்பதன் காரணம் புரிகிறதா?

நவம்பர், டிசம்பரில் பயிற்சி இருட்டில்தான் தொடங்கும். அங்கே அப்போது சூரியன் ஏழு, எட்டு மணிவாக்கில்தான் எழும், ஒன்பதுக்கு வகுப்பு. அனுபவசாலிகளின் படகுகள் விளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பும். பயிற்சியாளர் கரையோரப் பாதையில் சைக்கிள் மிதித்தபடி கூடவே வருவார். ஒரு கண் பாதையில், ஒரு கண் துடுப்புகளில். ஆற்றில் இறங்க முடியாத நாட்களில் உடற்பயிற்சி அறையில் 'எர்க்' என்ற பொறி காத்திருக்கும். உருளும் இருக்கை, ஒரு கைப்பிடி, சங்கிலி, காற்றைக் கிழிக்கும் சக்கரம். எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு அதிகமாகக் காற்று எதிர்க்கும். திரையில் தெரியும் எண் ஒளிவுமறைவு அறியாதது. 2000 மீட்டர் சோதனை முடிந்து தரையில் சாயாதவர் அரிது. ஆனால் எர்க் சமநிலையைச் சோதிப்பதில்லை, சேர்ந்து உருள்வதையும் சோதிப்பதில்லை. அந்த எண் நன்றாக உள்ள எட்டுப் பேரைப் பொறுக்கி உட்காரவைத்தால் நல்ல படகு கிடைத்துவிடும் என்று நினைக்கும் கிளப் ஏமாந்துபோகும்.

டிசம்பரில் ஃபேர்பேர்ன் கோப்பை. ஒவ்வொரு படகாகக் கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டி போடும். ஜீசஸ் கல்லூரியில் படித்து, பின்னர் அங்கேயே பயிற்சி தந்த ஸ்டீவ் ஃபேர்பேர்ன் என்ற ஆஸ்திரேலியரின் பெயரால் நடப்பது. முதுகை விறைப்பாக வைத்து அழகாகத் துடுப்பு போடுவதே முறை என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், உடம்பின் தோற்றத்தை விடுங்கள், துடுப்பையும் படகின் ஓட்டத்தையும் கவனியுங்கள் என்று வாதாடியவர் அவர். இந்தச் சண்டை பல்லாண்டு நீடித்தது. என்னைக் கேட்டால், நியாயம் அவர் பக்கம்தான்.

பம்ப்ஸ் நாள். ஏறத்தாழப் பதினேழு படகுகள் கொண்ட ஒவ்வொரு பிரிவும் ஆற்றின் கீழ்ப்பகுதிக்குப் போய்க் கரையோரம் வரிசையாக நிற்கும். இரண்டு படகுகளுக்கு நடுவே ஒன்றரைப் படகு நீளம். முதல் பீரங்கி: இன்னும் நான்கு நிமிடம். இரண்டாவது: ஒரு நிமிடம். கரையில் நிற்பவர் நீண்ட கம்பால் படகை ஆற்றின் நடுவுக்குத் தள்ளுகிறார். காக்ஸ் கையில், கரையோடு கட்டிய சங்கிலியின் நுனி; அது இறுகும் கணமும் பீரங்கி வெடிக்கும் கணமும் ஒன்றாக அமையவேண்டும். மூன்றாவது வெடி. காக்ஸ் சங்கிலியை விட்டெறிகிறார்.

அங்கிருந்து படகுக்குள் நடப்பதை முழுதாக அறிந்தவர் காக்ஸ் ஒருவரே. மற்ற எட்டுப் பேருக்கும் தெரிவது தங்களைத் துரத்தி வரும் படகு மட்டும். தாங்கள் துரத்தும் படகைக் கண்ணால் பார்க்க அவர்களுக்கு வழியே இல்லை. கரையில் சைக்கிளில் வருபவர்களின் விசில்தான் செய்தி. ஒரு ஊதல் என்றால் முன்படகு ஒரு படகு நீளத்தில் இருக்கிறது. இரண்டு என்றால் அரை நீளம், மூன்று என்றால் கால் நீளம். விசில் நிற்காமல் அலறினால் படகின் மூக்கு முன்படகின் வாலைத் தாண்டிவிட்டது என்று பொருள். இந்த இடத்தில்தான் பருவம் முழுக்கப் படித்த பாடம் சோதனைக்கு வருகிறது. மூன்று விசில் கேட்டதும் உடம்பு அவசரப்படும், இருக்கைகள் தடதடவென்று உருளும், படகு மந்தமாகும். கைக்கெட்டியதைக் கோட்டைவிடும் படகுகள் பெரும்பாலும் இப்படித்தான் விடுகின்றன.

வளைவுகள் காக்ஸின் களம். ஃபர்ஸ்ட் போஸ்ட், கிராஸி, பிறகு பார்வையாளர்கள் புல்வெளியில் கூடி நிற்கும் டிட்டன். சுக்கானைத் திருப்பினாலே படகு சற்று வேகமிழக்கும். குறைவாக, துடுப்புகள் தண்ணீரில் இருக்கும்போது திருப்புகிறவரே கெட்டிக்காரர். துடுப்பு போடாத ஒருவரைச் சுமப்பது சுமை என்று நினைப்பவர்கள் கிராஸி வளைவில் ஒரு மாலை நின்று பார்க்கவேண்டும்.

தொட்டால் இடித்ததாகக் கணக்கு. தப்ப முடியாது என்று தெரிந்தால் முன்படகின் காக்ஸ் கையை உயர்த்தி ஒப்புக்கொள்ளலாம். ஒவ்வொரு படகின் மூக்கிலும் ஒரு சிறு ரப்பர் பந்து இருக்கும். 1888-இல் இதே பந்தயத்தில் ஒரு படகின் கூர்முனை மற்றொரு படகில் இருந்த துடுப்பாளர்மீது பாய்ந்து அவர் உயிரிழந்தார். அந்தப் பந்து அதற்குப் பிறகு கட்டாயமானது. இடித்த படகினர் வில்லோ மரக்கிளைகளை ஒடித்துத் தலையில் சூடிக்கொண்டு வீடு திரும்புவார்கள். பந்தயம் நடக்கும் நான்கு நாளும் இடித்தவர்களுக்குக் கல்லூரி நிறம் தீட்டிப் பெயர்கள் எழுதிய துடுப்பு உரிமையாகும். யாரையும் இடிக்காமல், யாரிடமும் மாட்டாமல் கடைசிவரை ஓடி முடிக்கும் படகுகளும் உண்டு. உடம்புக்கு மிகக் கடினம் அதுதான்.

நான்காம் நாள் எந்த இடத்தில் முடித்தார்களோ, அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரியின் படகு அங்கிருந்துதான் தொடங்கும். ஆண்கள் வரிசை 1827 தொட்டும், பெண்களின் ஜூன் வரிசை 1974 தொட்டும் இப்படிக் கைமாறி வருகிறது. புதிதாக வருகிறவர் தான் பார்த்தே இராத முன்னோடிகள் சம்பாதித்த இடத்தில் உட்காருகிறார். அவர்கள் இழந்த இடத்துக்கும் அவரே பொறுப்பு.

இதையெல்லாம் பார்க்க இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. சென்னை அடையாற்றில் மெட்ராஸ் போட் கிளப் 1867 முதல் இருக்கிறது. கொழும்பு ரோயிங் கிளப் அதைவிட மூன்று ஆண்டு மூத்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் போட்டி நூறாண்டைக் கடந்தது. ஆற்றில் படகு போவதைக் காண நேர்ந்தால் துடுப்பாளரின் தோளைப் பார்க்காதீர்கள். துடுப்புகள் வெளியே வந்த பிறகு படகின் மூக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு துடுப்பும் தண்ணீரில் ஒரு சுழியை விட்டுச் செல்லும். நிதானமான பயிற்சி வேகத்தில், படகின் மூக்கருகே இருப்பவர் விட்ட சுழியையும் தாண்டிய பிறகே வாலருகே இருப்பவரின் துடுப்பு மீண்டும் இறங்கினால், அந்தப் படகில் இருப்பவர்கள் உருளக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.