ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்டும் கைபேசி ஆராதனையும்

விம்கோ நகர், எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்பது மேஸ்திரி சொன்னால்தான் தெரியும். காலை ஷிப்ட்டுக்குப் போகிறவரால் ஆராதனைக்குப் போக முடியாது. பிற்பகலில் வீடு திரும்பிக் குளித்துவிட்டு, போதகரின் பிரசங்கத்தைக் கைபேசியில் கேட்கிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேறு வழியில்லாமல் தொடங்கிய யூடியூப் நேரலையும் வாட்ஸ்அப் ஜெபக்குழுவும் ஊரடங்கு போன பிறகும் நிற்கவில்லை.

பாப்டிஸ்ட் சபைகளுக்கு இந்த ஞாயிறு விவகாரம் புதிதல்ல. விம்கோ நகருக்கு மேற்கே கறுத்துக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயின் கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால், அந்தக் கதை தொடங்கிய ஆந்திரக் கரையோரத்துக்கே போய்ச் சேரலாம்.

1866இல் ஓங்கோலில் ஊழியம் தொடங்கினார் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ். தோல் தொழில் செய்த மாதிகர் சமூகத்தைச் சேர்ந்த எர்ரகுண்ட்ல பேரய்யா அதே ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். மாதிகர்களைச் சேர்க்காமல் இருந்தால் நாங்கள் வருகிறோம் என்று சாதி இந்துக்கள் சிலர் கிளவிடம் பேரம் பேசினார்கள். அவர் மாதிகர் பக்கமே நின்றார்.

ஞானஸ்நானம் பெற்றவர்கள் மூன்று காரியங்களைக் கைவிட வேண்டியிருந்தது: விக்கிரக வழிபாடு, செத்த மாட்டின் இறைச்சி, ஞாயிற்றுக்கிழமை வேலை. முதல் இரண்டை இன்று மத விஷயமாக மட்டும் படித்துவிட்டுப் போகலாம். மூன்றாவதை அப்படி விட முடியாது. கூப்பிட்ட நேரத்துக்கு வந்து செருப்புத் தைக்கவும், கவலைச் சால் பழுது பார்க்கவும், திருவிழாவில் பறை அடிக்கவும் கடமைப்பட்டவர்கள் அவர்கள். வாரத்தில் ஒரு நாள் வர மாட்டோம் என்றதும் ஊர் கொதித்தது. அடி விழுந்தது, ஊர்க்கட்டுப்பாடும் வந்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளிகளுக்கு வார விடுமுறை வாங்கித் தந்தது 1890இல். அதற்கு இருபது வருடத்துக்கு மேல் முன்பே, சங்கம் என்ற சொல்லைக்கூடக் கேட்டிராத சேரி மக்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டிருக்கிறார்கள். தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் இதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

1876-78 தாது வருடப் பஞ்சத்தில் அரசு நிவாரண வேலையாக பக்கிங்காம் கால்வாய் வெட்டினார்கள். மேற்பார்வையாளர்கள் தாழ்த்தப்பட்டவர்களை அடித்து விரட்டினார்கள். கூலியும் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. மிஷனரியாவதற்கு முன் நில அளவை வேலை பார்த்தவர் கிளவ். சுமார் மூன்றரை மைல் நீளத்துக்குத் தானே ஒப்பந்தம் எடுத்தார். அவருடைய உபதேசிமார்களே அங்கே மேஸ்திரிகள். இடைவேளையில் உட்கார்ந்து வேதம் பேசினார்கள். பஞ்சம் முடியும்வரை யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. நிவாரணம் நின்ற பிறகு, 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே 1878இல்தான் லைமன் ஜூவெட் என்ற மூத்த மிஷனரி சென்னைக்கு வந்து தெலுங்கு பேசும் மக்களிடையே பாப்டிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கினார்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் உண்டு. இன்றைய கைபேசிப் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் தலைப்பு, வேலையில் ஊக்கமாக இருப்பது எப்படி என்பது. நேரத்தோடு எழுந்திரு, குடிக்காதே, கடன் வாங்காதே, முதலாளி பார்க்காவிட்டாலும் ஒழுங்காக வேலை செய். நல்ல புத்திதான், குடியால் சீரழிந்த வீடுகளுக்கு அது உதவியிருப்பதை இந்தப் பகுதியில் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் பத்து வருடமாக ஒப்பந்தத்திலேயே இருப்பவருக்கு ஊக்கம் போதாது என்று யார் சொன்னது? வார ஓய்வு, வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பற்றி அந்தக் குழுக்களில் எத்தனை பதிவு வருகிறது? கிளவ் பிரசங்கத்தோடு நிற்கவில்லை, கூலிக்கும் பொறுப்பெடுத்தார்.

நேரலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாப்டிஸ்ட் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வயது வந்தவர் தன் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்து தண்ணீரில் மூழ்க வேண்டும். அந்தக் காட்சி இப்போது முகத்தோடும் பெயரோடும் இணையத்தில் ஏறுகிறது. மூழ்கி எழுந்தவர் ஆதிதிராவிடர் என்றால், சட்டப்படி அவருடைய பட்டியல் சாதித் தகுதி போய்விடும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அப்படித்தான் சொல்கிறது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசைக்கு நடந்தது இதுதான். மற்ற தொழிலாளிகளுக்கு இலவச பங்க் கடை கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. செய்தது அதே தொழில். பிறந்ததும் ஆதிதிராவிடர் குடும்பத்தில்தான். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

2024 நவம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு இன்னும் நெருக்கமானது. புதுச்சேரியில் அரசு எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்த பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. குழந்தையாக இருந்தபோது வில்லியனூர் மாதா கோயிலில் அவர் ஞானஸ்நானம் பெற்ற பதிவு அங்கே ஆதாரமானது. பெற்றோர் கொடுத்த ஞானஸ்நானமே இப்படி எண்ணப்பட்டால், 25 வயதில் கேமரா முன் தானே கொடுத்த சாட்சி எப்படி எண்ணப்படும்? நேரலை பட்டனை அழுத்துவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்பது போதகர்களுக்குக் கஷ்டமான காரியமல்ல.

மதம் பாராமல் தகுதி தரலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் போட்டு ஒன்றிய அரசுக்கு அனுப்பியது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தை ஒன்றிய அரசு அமைத்திருந்தது. இரண்டு ஆண்டில் அறிக்கை தர வேண்டும் என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள். கெடு முடிந்ததும் காலநீட்டிப்பு கொடுத்தார்கள்.