ஓய்வு மட்டும் போதாது, தம்பி!

ஞாயிறு மாலை ஐந்து மணி. புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ ஏதோ ஒரு தோட்டத்துத் திடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம்தான். ஓடிவந்து பந்தை எட்டக் காலை நீட்டிய பையன், தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். "சுளுக்குத்தான்டா, தைலம் போட்டு நீவிவிட்டா சரியாயிடும்" என்கிறார் ஓரத்தில் நிற்கும் அண்ணன் ஒருவர்.

நீவிவிடுகிறார்கள். இரண்டு வாரம் ஓய்வு. நடக்கும்போது வலி இல்லை. போட்டி நாளில் இறங்குகிறான். பத்தாவது நிமிடத்தில் அதே இடத்தில் அதே வலி. மறுபடியும் தைலம், மறுபடியும் ஓய்வு. இப்படியே ஓர் ஆண்டு ஓடினால், "முன்னே நல்லா ஆடுவான்" என்று ஊர் பேசும் ஆட்டக்காரனாகிவிடுகிறான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருக்கலாம்.

அவன் செய்த தவறு ஓய்வெடுத்தது அல்ல. ஓய்வோடு நிறுத்திக்கொண்டதுதான்.

வலிக்கும் இடம் எது?

தொடையின் உள்பக்கத்தில், கால்களை ஒன்றுசேர்க்கும் தசைகள் உள்ளன. அவை இடுப்பெலும்பின் முன்பகுதியில் வந்து ஒட்டுகின்றன. பந்தை உதைக்கும்போதும், ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதும், கபடியில் காலை அகட்டித் தொடும்போதும் அதிகச் சுமை ஏறுவது இங்கேதான்.

ஆனால் இடுக்கில் வலி என்றாலே இந்தத் தசைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2014-இல் கத்தாரின் டோஹா நகரில் 14 நாடுகளைச் சேர்ந்த 24 நிபுணர்கள் கூடி, இந்த வலியை வகைப்படுத்தினார்கள். உள்தொடைத் தசை, இடுப்பை மடக்கும் தசை, அடிவயிற்றின் கவட்டுப் பகுதி, முன்பக்க இடுப்பெலும்பு ஆகிய நான்கும் ஒரு பக்கம். இடுப்பு மூட்டிலிருந்தே வரும் வலி தனி வகை. வகைக்கு ஏற்ப சிகிச்சையும் மாறும். அதனால்தான் முதலில் முறையான பரிசோதனை வேண்டும்.

68 பேர் தந்த பாடம்

டென்மார்க் மருத்துவர் பெர் ஹோல்மிச் தலைமையிலான குழு 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. நீண்ட நாளாக உள்தொடை வலியோடு இருந்த 68 விளையாட்டாளர்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு லேசர், மசாஜ், மின்தூண்டல், தசையை இழுத்துவிடும் பயிற்சி. மற்றக் குழுவுக்குத் தசையைப் படிப்படியாக வலுவாக்கும் பயிற்சி, 8 முதல் 12 வாரம் வரை.

முடிவில், வலியில்லாமல் பழைய தரத்தில் விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் முதல் குழுவில் 4 பேர். பயிற்சி செய்த குழுவில் 23 பேர்.

நீவிவிடுவது சுகம் தரும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பலவீனமான தசைக்கு அது பலம் தராது. வேலை கொடுத்தால்தான் தசை பலப்படும்.

நீரஜுக்கும் இதே வலிதான்

ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா 2022 ஜூலையில் உலகப் போட்டியில் வெள்ளி வென்றபோது தொடை இடுக்கில் காயம்பட்டார். அதனால் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியிலிருந்தே விலகினார். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து லொசான் நகரில் 89.08 மீட்டர் எறிந்து வென்றார். ஆனாலும் அந்த இடம் அவரை விடவில்லை. 2024-லும் உள்தொடைத் தொந்தரவு தொடர்ந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி கிடைத்தது. 2025 மே மாதம் டோஹாவில் 90.23 மீட்டர் எறிந்து, முதன்முறையாக 90 மீட்டரைத் தாண்டினார். உலகத்தர மருத்துவக் குழு உடனிருக்கும் வீரருக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. நம் பையன் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்று மனம் உடைந்துபோகத் தேவையில்லை.

பிசியோதெரபியில் என்ன செய்வார்கள்?

ஆரம்பப் பயிற்சிக்கு ஒரு பந்து போதும். மல்லாந்து படுத்து, பாதங்களுக்கு இடையே காற்பந்தை வைத்து 30 விநாடி அழுத்த வேண்டும். ஹோல்மிச் திட்டத்தில் இது 10 முறை. அடுத்து முழங்கால்களுக்கு இடையே வைத்து அதே அழுத்தம். வயிற்றுத் தசைக்கும் பயிற்சி உண்டு. சில வாரம் கழித்து நின்றுகொண்டு செய்யும் பயிற்சிகள், ஒற்றைக்காலில் சமநிலை, பக்கவாட்டு அசைவு என்று சுமை கூடும். வலியில்லாமல் சைக்கிள் ஓட்டலாம். மெதுவோட்டம் அந்தத் திட்டத்தில் 6 வாரத்துக்குப் பிறகுதான். வேக ஓட்டம், திரும்புதல், உதைத்தல் எல்லாம் கடைசியில்.

வலியை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. கால்களை நீட்டிப் படுத்து, கணுக்கால்களுக்கு இடையே நண்பரின் முன்கையை வைத்து 5 விநாடி முழுபலத்தோடு அழுத்துங்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? 0 முதல் 2 வரை பச்சை விளக்கு. 3 முதல் 5 வரை மஞ்சள், கவனம் தேவை. 6 முதல் 10 வரை சிவப்பு. அன்று திடலில் இறங்காதீர்கள்.

காயம் வருமுன்

'கோப்பன்ஹேகன் பயிற்சி'க்கு ஒரு நண்பர் மட்டும் துணையிருந்தால் போதும். ஒருக்களித்துப் படுத்து முன்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். மேல்காலை நண்பர் தாங்கிப் பிடிப்பார். அந்தக் காலின் பலத்தில் உடலை உயர்த்தி, கீழ்க்காலையும் மேலே சேர்த்து, மெதுவாக இறக்குங்கள். சிரமமாக இருந்தால் நண்பர் முழங்காலருகே பிடிக்கலாம். நார்வேயில் 35 காற்பந்துக் குழுக்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. இதைச் செய்த குழுக்களில் தொடை இடுக்குத் தொல்லை 41 விழுக்காடு குறைவு. போட்டிப் பருவத்துக்கு முன் வாரம் மூன்று முறை, பருவம் தொடங்கியபின் வாரம் ஒருமுறை. நம் தோட்டத்துக் குழுக்கள் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பெற்றோர் கவனத்துக்கு

வலிக்கும் இடம் கூச்சத்துக்குரியது என்பதால் பிள்ளைகள் வாய்திறக்க மாட்டார்கள். பெண்பிள்ளைகள் இன்னும் மறைப்பார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

பத்து முதல் பதினாறு வயதுக்குள் பிள்ளை நொண்டி நடந்தால், முழங்கால் வலி என்று சொன்னாலும் இடுப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வளரும் வயதில் தொடையெலும்பின் தலைப்பகுதி விலகும் நோய் பல நேரம் முழங்கால் வலியாகவே தெரியும். அதைத் தாமதிக்கக் கூடாது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், இடுக்கில் புடைப்பு, விதைப்பை வலி, காலை ஊன்றவே முடியாத நிலை என்றால் பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

வழி தொலைவில் இல்லை. முதலில் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள். தேவையானால் தஞ்சோங் காராங் அல்லது சுங்கை பூலோ மருத்துவமனைக்கு அனுப்பும்படி கடிதம் கேளுங்கள். தனியார் நிலையத்துக்குப் போவதானால், அங்குள்ள பிசியோதெரபிஸ்ட் துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

ஒருமுறை போய்வந்ததோடு விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்து களைத்து வரும் பையனுக்கு வீட்டில் தினமும் பதினைந்து நிமிடப் பயிற்சி அலுப்பாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவன் காலைப் பிடித்துக்கொள்ள ஒரு தம்பியோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால், அடுத்த கிண்ணப் போட்டியில் ஓரத்தில் உட்காராமல் அவன் திடலில் இருப்பான்.