மூக்கு முதலில், நீங்கள் அப்புறம்! பீகிள் வளர்க்கிறீர்களா?

கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறதே என்று கதவைத் திறந்தேன். அவ்வளவுதான்! என் கால் இடுக்கில் புகுந்து, மாடிப்படி இறங்கி, கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டுக்கே போய்விட்டான் எங்கள் சிண்டு. எட்டு மாதக் குட்டி, பீகிள் ஜாதி. நான் "சிண்டு, சிண்டு"ன்னு கத்தினது தெரு முழுக்கக் கேட்டது, அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. தரையில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான். ஒரு ஆட்டோக்காரர் பிரேக் அடித்ததால் பிழைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் தீர்ப்பே எழுதிவிட்டார். "சொல் பேச்சு கேக்காத ஜென்மம்மா இது. யாருக்காவது குடுத்துடு."

குடுத்துடலாம்தான். ஆனால், இந்த நாய் எதற்காகப் பிறந்தது என்று கொஞ்சம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே!

இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம் பீகிள். கூட்டமாக நாய்களை அவிழ்த்துவிட்டு, வேட்டைக்காரர்கள் பின்னால் நடந்து வருவார்கள். நாய் எங்கேயோ முன்னால் போயிருக்கும். எஜமான் கூப்பிடுகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் முயல் தப்பிவிடும். அதனால், திரும்பிப் பார்க்காமல் வாசனை பிடித்துப் போகிற நாய்தான் நல்ல நாய் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். உயரமான புல்லுக்குள்ளும் கண்ணில் படுகிற அந்த வெள்ளை வால் நுனி, தூரத்தில் இருப்பவருக்கும் கேட்கிற அந்த நீண்ட ஊளை... எல்லாமே வேட்டைக்குத்தான். இங்கிலாந்தில் 2005 முதல் அந்த வேட்டைக்குச் சட்டப்படி தடை. சட்டம் மாறலாம், ரத்தம் மாறுமா?

அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு ஏக்கர் நிலத்தில், அதாவது நம் கணக்கில் நூறு சென்ட்டில், ஒரே ஒரு எலியை விட்டுப் பார்த்தார்கள். ஃபாக்ஸ் டெரியருக்கு அதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பீகிளுக்கு ஒரு நிமிஷம்தான்!

சரி, இப்படிப்பட்ட நாயைப் பழக்கவே முடியாதா? தாராளமாக முடியும். 1984-ல் அமெரிக்க விவசாயத் துறை, பெட்டிகளில் ஒளித்துவரும் பழம், இறைச்சியைக் கண்டுபிடிக்க லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் பீகிளைத்தான் வேலைக்கு வைத்தது. மாம்பழ வாசனை வந்தால் பெட்டி பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்துவிடும். கூலி? ஒரு வாய் தீனி!

நம் வீட்டிலும் அதே கூலிதான். "வா" என்று ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள். அப்பா "கம்", பாட்டி "இங்க வாடா", பையன் விசில் என்று ஆளுக்கொன்றாக வேண்டாம். வந்த உடனே வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. சைவ வீடா? கேரட் துண்டு போதும், கடித்து முறித்துத் தின்னும். முதலில் ஹாலில், பிறகு வராந்தாவில், அப்புறம் மொட்டை மாடியில். வெளி மைதானத்தில் பழக்கும்போது, மார்பைச் சுற்றி மாட்டும் பெல்ட்டில் பத்து மீட்டர் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு லேட்டாக வந்தாலும் அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. 'வந்தால் உதை' என்று பதிந்துவிட்டால் அடுத்த முறை வருமா? ஒன்று மட்டும் உறுதி. எத்தனை பழக்கினாலும் ரோட்டில் சங்கிலி இல்லாமல் விடாதீர்கள்.

வாக்கிங்கில் முகர விடாமல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தமே இல்லை. கால் மணி நேரமாவது அது நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். காலையில் சீக்கிரம் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் சுடும். மழை நாளில் பழைய டவலில் தீனியைத் தூவிச் சுருட்டிப் போடுங்கள், பிரித்து எடுக்கட்டும். மூக்குக்கு வேலை கிடைத்த நாய் சோபாவைக் கடிப்பது குறையும்.

ஊளைக்கு முக்கியக் காரணம் தனிமை. கூட்டமாகவே வாழ்ந்த இனம் ஆச்சே! ஒரேயடியாகப் பூட்டிவிட்டு ஆபீஸ் போகாமல், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம், கால் மணி என்று தனிமையைப் பழக்க வேண்டும். பகல் முழுக்க ஆளில்லாத வீட்டுக்கு பீகிள் சரிப்படாது என்பது என் கட்சி.

தின்பதில் அதற்குத் திருப்தியே கிடையாது. பழக்குவதற்குக் கொடுக்கிற துண்டுகளை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லையென்றால் குண்டாகிவிட்டது என்று அர்த்தம். வெங்காய சாம்பார், பூண்டு ரசம், திராட்சை போட்ட பாயசம், சாக்லேட் எதுவும் ஆகாது, அதற்கு விஷம். எதையாவது திருடிக் கவ்வினால் வாயைப் பிடுங்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள், கடி விழும். அதைவிட ருசியானதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். தொங்கும் காது என்பதால் உள்ளே ஈரம் தங்கிச் சீழ் வைக்கும். வாரம் ஒரு தடவை பாருங்கள்.

சிண்டுவுக்கு இப்போது மூன்று வயசு. கழுத்துப் பட்டையில் எங்கள் போன் நம்பர் தொங்குகிறது. காலிங் பெல் அடித்தால் மாமியார்தான் முதலில் எழுந்துகொள்கிறார். "வாடா ராஜா, துண்டுல என்ன வெச்சிருக்கேன் பாரு" என்று அவனை உள் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் நான் வாசலைத் திறக்கிறேன்.